காவிரி டெல்டாவில் வழி காட்டும் ஆப்: பாலத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

மேப் ஆப் எது நல்லது என்று கேட்பவர்கள் முதலில் பார்ப்பது மூன்று விஷயம். குரல் தமிழில் வருமா, திரை பளிச்சென்று இருக்குமா, காசு கேட்குமா. டெல்டாவில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் மூன்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிற தண்ணீர், கீழே வரவரக் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, பாமணி, கோரையாறு என்று கிளை விட்டுக்கொண்டே போகிறது. வடக்கு எல்லையில் கொள்ளிடம் தனியாகக் கிடக்கிறது. எதிர்க்கரை ஊர் கண்ணுக்குத் தெரியும், பேசினால்கூடக் காது கேட்கும், ஆனால் போய்ச்சேர அரை மணி நேரம் ஆகும். எந்தப் பாலத்தில் ஏறுகிறோம் என்பதுதான் இங்கே பயணம். அதனால் ஆப்பிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: இந்த ஆற்றில் பாலம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? அந்தப் பாலத்தில் என் வண்டி போகுமா என்று தெரியுமா?

இருபது வருஷத்துக்கு முன்னால் பாக்கெட் பிசி என்ற கையடக்கக் கணினியில், புளூடூத் ஜிபிஎஸ் ரிசீவரைத் தனியாக இணைத்து, மெமரி கார்டில் மேப் ஏற்றி ஓட்டிய காலத்திலும் கேள்வி இதுதான். அப்போது மேப்பைக் காசு கொடுத்து வாங்கினோம், அதனால் வாங்கும் முன் யோசித்தோம். இப்போது இலவசமாகக் கிடைப்பதால் யாரும் யோசிப்பதில்லை.

முதல் படி: கையில் இருக்கும் கருவியைச் சோதியுங்கள்

ஆப்பைக் குறை சொல்லும் முன் போனுக்கு வானம் தெரிகிறதா என்று பாருங்கள். டேப்லெட் வாங்குகிறவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். சிம் போட முடியாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. வீட்டில் வைஃபையை வைத்து இடத்தைக் காட்டிவிடும், பாபநாசம் தாண்டியதும் திகைத்து நின்றுவிடும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும் விலை குறைந்தவற்றை வாங்கும் முன் ஜிபிஎஸ் உண்டா என்று விவரப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப் உண்டு. அதைத் திறந்து மொட்டை மாடியில் நின்றால் எத்தனை செயற்கைக்கோள் கிடைக்கிறது என்று தெரியும். அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் இஸ்ரோவின் நாவிக் எல்லாம் வரிசையாக வரும், உங்கள் போனின் சிப் எவற்றைப் படிக்குமோ அவை மட்டும். திறந்த வெளியில் சாதாரண போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். டெல்டாவில் மலையும் இல்லை, மாடிக் கட்டடக் காடும் இல்லை, அதனால் இந்த விஷயத்தில் நமக்கு யோகம்தான்.

அடுத்து மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. ஆனால் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைப் போன் இணையத்தில் வாங்கிக்கொள்வதால்தான் சில நொடியில் இடம் கிடைக்கிறது. இணையம் இல்லாவிட்டால் அந்தக் குறிப்பைச் செயற்கைக்கோளிடமே மெதுவாகக் கேட்டு வாங்க வேண்டும். ரொம்ப நாள் அணைத்து வைத்திருந்த கருவி என்றால் சில நிமிடம் ஆகலாம். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் "ஆப் வேலை செய்யல" என்று அழித்துவிட்டு அடுத்ததை இறக்குகிறார்கள்.

இரண்டாம் படி: டவர் இல்லாமல் ஓடுகிறதா

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு நாகை, திருவாரூர் மாவட்டங்களின் பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. நிவாரணப் பொருளோடு வெளியூரிலிருந்து வந்த வண்டிகள் சாலையில் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தன. மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். சாதாரண நாளிலும் கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் போகிறவர்கள் டவரை நம்பிப் போக வேண்டாம்.

கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியைக் கட்டம் போட்டு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இணையம் போய்விட்டால் நடை வழியும் பஸ் வழியும் வராது, டிராஃபிக் நிலவரமும் மாற்று வழியும் வராது. கார் போகும் ஒரே ஒரு வழி கிடைக்கும். புதுப்பிக்காமல் விட்டால் இறக்கிய பகுதி காலாவதியும் ஆகும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட், ஹியர் வீகோ மூன்றும் மேப்பைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் விதமாகச் செய்யப்பட்டவை. தேடுவதும் வழி போடுவதும் இணையம் இல்லாமலே நடக்கும்.

மாநிலவாரியாக மேப் இறக்கும் ஆப் என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. நவக்கிரகக் கோயில் சுற்றுக்கு வருகிறவர்களுக்குச் சனீஸ்வரர் இருக்கும் திருநள்ளாறு காரைக்காலில்தான். தமிழ்நாட்டை மட்டும் இறக்கிவிட்டுக் கிளம்பினால் ஆப்பைப் பொறுத்து அந்த இடம் வெறுமையாக இருக்கலாம். கிளம்பும் முன் டேட்டாவை அணைத்துவிட்டுத் திருநள்ளாறைத் தேடிப் பாருங்கள். தெரு விவரத்தோடு வந்தால் சரி, இல்லையென்றால் புதுச்சேரி மேப்பையும் இறக்குங்கள்.

மூன்றாம் படி: வீட்டிலேயே பாலச் சோதனை

இதுதான் முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள். உங்களுக்கு மண் வாசனை வரை தெரிந்த ஒரு ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று இடம் வேண்டும். சமீபத்தில் பாலம் கட்டிய இடம் ஒன்று. பைக் மட்டும் போகும் நடைபாலமோ மதகுப் பாலமோ இருக்கும் இடம் ஒன்று. பாலமே இல்லாத இடம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இக்கரையில் தொடங்கி நேர் எதிரே அக்கரையில் முடியும்படி கார் வழி போடச் சொல்லுங்கள். நான்கு ஆப்பை இறக்கி நான்கிலும் இதையே செய்யுங்கள். ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

என்ன பார்க்க வேண்டும்? புதுப் பாலத்தை விட்டுவிட்டு எட்டு கிலோமீட்டர் சுற்றுகிறது என்றால் அந்த ஆப்பின் மேப் பழசு. நடைபாலத்தில் காரை ஏற்றுகிறது என்றால் அந்தப் பாலம் மேப்பில் சாதாரண ரோடாகப் பதிவாகியிருக்கிறது. முன்னதைவிட இது ஆபத்து. பாலம் இல்லாத இடத்தில் நேராகக் கடக்கச் சொன்னால், யாரோ ஆற்று மணலில் வண்டித் தடத்தைப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்கள். கோடையில் மணலில் டிராக்டர் இறங்கி ஏறிய தடம் செயற்கைக்கோள் படத்தில் ரோடு மாதிரியே தெரியும். வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் அந்த ரோடு இடுப்பளவு ஆழத்தில் இருக்கும்.

மேப் என்பது மென்பொருளுக்கு வெறும் கோடுகளும் முடிச்சுகளும்தான். இரண்டு கரையையும் சேர்க்கும் ஒரு சின்னக் கோடு விட்டுப்போனால் அதற்கு இரண்டும் தனித்தனி நாடு. திருச்சி ரோட்டிலோ சென்னைத் தெருவிலோ ஒரு சந்து விட்டுப்போனால் அடுத்த சந்தில் சமாளித்துவிடலாம். இங்கே சமாளிக்க முடியாது.

கொள்ளிடத்தையும் ஒருமுறை சோதியுங்கள். கும்பகோணத்திலிருந்து ஜெயங்கொண்டத்துக்கு வழி கேளுங்கள். நீலத்தநல்லூர்–மதனத்தூர் பாலம் தெரிகிறதா, இல்லை அணைக்கரைப் பாலத்தையே கட்டிக்கொண்டு அழுகிறதா என்று பாருங்கள். மயிலாடுதுறையிலிருந்து காட்டுமன்னார்கோவிலுக்குப் போட்டால் மணல்மேடு வழியாக முட்டம் பாலம் வர வேண்டும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையில் புறவழிகள் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். பழைய மேப் என்றால் ஊருக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

நான்காம் படி: உங்கள் வண்டியைச் சொல்லுங்கள்

பைக்கில் போகிறவர்களுக்குக் கூகுளை மிஞ்ச ஆள் இல்லை. 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே டூவீலர் வழி கொண்டுவந்தார்கள், கரை ரோடு, வாய்க்கால் வரப்பு ரோடு எல்லாம் அதில் நன்றாக வரும். அதே வழியில் காரோடு நுழைந்தால் எதிரே டிராக்டர் வந்ததும் தெரியும். கார்காரர்களுக்குக் குறுகிய ரோட்டைத் தவிர்க்கும் வசதியைக் கூகுள் 2024ல் அறிவித்தபோது முதலில் கிடைத்தது எட்டு நகரங்களுக்கு. அதில் சென்னையும் கோவையும் இருந்தன. கும்பகோணமும் தஞ்சாவூரும் இல்லை.

லாரி, கதிர் அறுக்கும் மெஷின் ஏற்றிய டிரெய்லர், வைக்கோல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என் பரிந்துரை ஆஸ்மாண்ட்தான். பார்க்கக் கரடுமுரடாக இருக்கும், அமைப்புகளுக்குள் போனால் தலை சுற்றும். இருந்தாலும் லாரிக்கென்று தனி அமைப்பும், வண்டியின் உயரம், அகலம், எடையைக் கொடுத்து வழி கேட்கும் வசதியும் அதில் இருக்கிறது. கூகுளில் அது கிடையாது. அணைக்கரைப் பழைய பாலத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை போட்ட வரலாறு உண்டு. ரயில் பாதைக்கு அடியில் போகும் கீழ்ப்பாலங்களில் உயரக் கட்டை வைத்திருக்கிறார்கள். வைக்கோலை ஏற்றிக்கொண்டு அந்தக் கட்டைக்கு முன்னால் போய் நின்ற பிறகு பின்னால் எடுக்க இடம் இருக்காது.

ஆனால் ஒன்று. ஆஸ்மாண்டும் ஆர்கானிக் மேப்ஸும் பயன்படுத்துவது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது மேப். 2004ல் தொடங்கிய அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு பாலத்தின் எடை வரம்பை யாராவது எழுதியிருந்தால்தான் ஆப் அதை மதிக்கும். நம் பக்கத்தில் இப்படி எழுதாத பாலங்கள் ஏராளம். ஆப் தடுக்கவில்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கரையில் நிற்கும் பொதுப்பணித்துறைப் பலகையைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு ஆப்பிலுமே மண் ரோட்டைத் தவிர்க்கச் சொல்லும் அமைப்பு உண்டு. மழைக்காலத்தில் அதைப் போட்டு வையுங்கள். களிமண் கரையில் கார் ஒரு பக்கம் சறுக்கினால் அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் வயல்.

மேப்பிள்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 1995ல் தொடங்கிய மேப்மைஇந்தியாவின் ஆப். வேகத்தடை, வளைவு போன்றவற்றை முன்கூட்டியே எச்சரிக்கும் பழக்கம் இதற்கு உண்டு. தெருவுக்குத் தெரு வேகத்தடை போட்டிருக்கும் நம் ஊரில் இரவு ஓட்டத்துக்கு உதவும். பாலச் சோதனையில் உங்கள் பகுதியில் தேறுகிறதா என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஊர்ப் பெயரில் ஏமாறாதீர்கள்

பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டத்திலும் உண்டு, திருநெல்வேலி மாவட்டத்திலும் உண்டு. குருபகவானின் ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், இன்னொரு ஆலங்குடி புதுக்கோட்டையில் தாலுகா தலைநகர். திருவாலங்காடு குத்தாலம் பக்கமும் உண்டு, திருவள்ளூர் மாவட்டத்திலும் உண்டு. குத்தாலம் என்று வாயால் சொன்னால் தென்காசிக் குற்றாலத்துக்கு வழி போடும் ஆப்பும் உண்டு. கிளம்பும் முன் மொத்தத் தூரத்தை ஒரு பார்வை பாருங்கள். கும்பகோணத்திலிருந்து ஆலங்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆப் இரண்டு மணி நேரம் காட்டினால் வேறு ஆலங்குடிக்குப் போகிறீர்கள்.

ஆங்கிலத்தில் தட்டுகிறவர்களுக்கு ழகரத் தொல்லை தனி. சீர்காழியையே பலகைக்குப் பலகை வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை என்றால் தமிழிலேயே தட்டுங்கள், அல்லது "திரு"வை விட்டுவிட்டு மீதியைத் தட்டுங்கள். இன்னொன்று: மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020ல். பழைய பதிவுகளில் சீர்காழி, பூம்புகார் எல்லாம் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஆறாம் படி: லொகேஷன் புள்ளியை எந்தக் கரையில் வைக்கிறீர்கள்

ஊர்ப் பெயரைவிட லொகேஷன் அனுப்பச் சொல்வது மேல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. கல்யாணப் பத்திரிகையோடு வரும் லொகேஷன் தோப்புக்கு நடுவில், வீட்டு ஓட்டின் மேலே இருக்கும். வழி போடும் மென்பொருள் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள ரோட்டைத் தேடும். வீட்டுக்கு வரும் சந்து மேப்பில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கக் கரை ரோடு மேப்பில் இருக்கிறது என்றால், அதற்கு அருகில் உள்ளது அக்கரை ரோடுதான். நேரே கொண்டுபோய் அங்கே நிறுத்தி "சேருமிடம் வந்துவிட்டது" என்று சொல்லிவிடும். அரசலாற்றுக் கரையில் இப்படி வந்து நிற்கும் வெளியூர்க் கார்களை அடிக்கடி பார்க்கலாம். படித்துறையில் துணி துவைக்கிற அம்மா நிமிர்ந்து பார்ப்பார்.

"அம்மா, இந்தக் கல்யாண வீடு..."

"பந்தல் தெரியுதுல்ல, அதான் தம்பி. ஆனா அது அக்கரை. வந்த வழியே போயி, மதகு தாண்டிப் பெரிய பாலத்துல ஏறிக்குங்க."

தப்பு யார் மீதும் இல்லை, புள்ளி வைத்த இடத்தில்தான். லொகேஷன் அனுப்புகிறவர் வீட்டுக்குள் உட்கார்ந்து அனுப்பாமல், கார் நிற்க வேண்டிய ரோட்டில் போய் நின்று அனுப்ப வேண்டும். பெறுகிறவர் வழி போட்டதும் கடைசி அரைக் கிலோமீட்டரைப் பெரிதாக்கி, ஆற்றுக்கு எந்தப் பக்கம் முடிகிறது என்று பார்க்க வேண்டும். வாய்மொழியாக "வடகரையா தென்கரையா" என்று ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எண்களாக அனுப்புவதானால் 10.9617, 79.3881 மாதிரி நான்கு தசம இலக்கம் போதும், அது பத்துப் பதினோரு மீட்டர் துல்லியம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போகும், அதற்குள் ஒரு ஆறு குறுக்கே வந்துவிடும்.

ஏழாம் படி: நேரக் கணக்கை நீங்களே திருத்துங்கள்

கூகுள் காட்டும் நேரம் ரோட்டில் போகும் போன்களின் வேகத்திலிருந்து வருவது. பெரிய ரோட்டில் அது துல்லியம். உள்கிராமக் கரை ரோட்டில் போன்களே குறைவு, அங்கே அதுவும் உத்தேசம்தான். இணையம் இல்லாத ஆப்கள் ரோட்டின் வகையைப் பார்த்து வேகத்தைக் கணக்குப் போடுகின்றன. அறுவடைக் காலத்தில் ரோட்டின் பாதியில் நெல் காயும், மீதிப் பாதிதான் வண்டிக்கு. கொள்முதல் நிலையத்து வாசலில் லாரி வரிசை நிற்கும். ரயில்வே கேட் மூடினால் தஞ்சாவூர்–மயிலாடுதுறை பாதையில் எந்த ஆப்புக்கும் தெரியாது. திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாளில் நான்கு வீதியும் நமக்கு இல்லை. அடுத்த மகாமகம் 2028ல், அப்போது கும்பகோணத்துக்குள் மேப்பை நம்பி யாரும் காரைக் கொண்டுவர மாட்டார்கள் என்று நம்புவோம்.

வெள்ளத்தில் ஆப் சொல்வதைக் கேட்கவே வேண்டாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஷட்டர்கள் அடித்துப்போனபோது அணைமேல் போக்குவரத்து நின்றது. மேப்பில் அந்தக் கோடு அப்படியேதான் இருந்திருக்கும், போனுக்குள் இறக்கி வைத்த மேப்புக்குச் செய்தி போகாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கீழ்ப்பாலத்தைத் தவிர்த்து மேம்பாலத்தையோ ரயில்வே கேட்டையோ பிடியுங்கள்.

எதை வைத்துக்கொள்வது

என் ஏற்பாடு இரண்டு ஆப். டவர் இருக்கும்வரை, டிராஃபிக்குக்காகவும் கடை தேடவும் கூகுள். போனுக்குள் எப்போதும் ஆர்கானிக் மேப்ஸ், ஏனென்றால் விளம்பரம் இல்லை, எளிது, பேட்டரியும் தாங்கும். லாரி ஓட்டுகிறவர் என்றால் ஆர்கானிக்குக்குப் பதில் ஆஸ்மாண்ட். பிளேஸ்டோரில் கிடைக்கும் அதன் இலவசப் பதிப்பில் மேப் இறக்க எண்ணிக்கை வரம்பு உண்டு, நமக்குத் தமிழ்நாடும் புதுச்சேரியும் போதும் என்பதால் அது இடிக்காது. தமிழ்க் குரல் கூகுளில் உண்டு. மற்றவை போனில் இருக்கும் பேச்சு எஞ்சினை நம்பி இருப்பதால், அமைப்பில் போய் எந்த மொழி கிடைக்கிறது என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

போனைக் கையில் பிடித்து ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், கவனம் சிதறக் கூடாது என்று 2020ல் விதியும் வந்திருக்கிறது. டாஷ்போர்டில் ஸ்டாண்டு போடுங்கள், வெயில் நேரடியாக விழாத இடத்தில். பைக் ஹேண்டில்பாரில் ஐபோனை மாட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி: எஞ்சின் அதிர்வால் கேமரா கெடலாம் என்று ஆப்பிளே 2021ல் எச்சரித்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் ஸ்டாண்டு வாங்குங்கள், அல்லது சட்டைப்பையில் வைத்து காதில் கேளுங்கள்.

கடைசிப் படி: விட்டுப்போன பாலத்தை நீங்களே போடுங்கள்

பாலச் சோதனையில் தவறு கண்டுபிடித்தீர்கள் அல்லவா, அதைச் சும்மா விடாதீர்கள். கூகுளில் அந்த ரோட்டை அழுத்திப் பிடித்துத் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கினால் நீங்களே வரையலாம். புதுப் பாலம் என்றால் இரண்டு கரை ரோட்டின் முடிச்சுகளையும் சேர்த்துக் கோடு போட்டு, அதைப் பாலம் என்று குறியுங்கள். நடந்து மட்டுமே போகக்கூடிய பாலம் என்றால் நடைபாதை என்று வகையை மாற்றுங்கள், இந்த ஒரு மாற்றமே பல கார்களைக் காப்பாற்றும். பலகையில் எடை வரம்பு எழுதியிருந்தால் டன் கணக்கில் அதையும் சேருங்கள். வரையத் தயக்கமாக இருந்தால் அந்த இடத்தில் "இங்கே கார் போகாது, பைக் மட்டும்" என்று ஒரு குறிப்பு போட்டாலே போதும், வரையத் தெரிந்த ஒருவர் பார்த்துத் திருத்துவார். பார்க்காத இடத்தைச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி வரைய வேண்டாம், மணல் தடத்தை ரோடாக்கியவர்கள் அப்படிச் செய்தவர்கள்தான். திருத்தம் பொது மேப்பில் உடனே ஏறிவிடும். உங்கள் போனுக்கு வர, ஆப் அடுத்த மேப் பதிப்பை வெளியிட்டு நீங்கள் அதை இறக்க வேண்டும். ஆஸ்மாண்டில் அது மாதம் ஒருமுறை.